உள்ளே நிதானம், வெளியே கொந்தளிப்பு

சூரியனின் மையத்திலிருந்து ஒரு கன மீட்டர் இடத்தை மட்டும் தனியாகப் பார்க்க முடிந்தால், அங்கே பிறக்கும் வெப்பம் எவ்வளவு இருக்கும்? ஏறக்குறைய 275 வாட். இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடலிலிருந்து வரும் வெப்பமும் அவ்வளவுதான். அந்த ஒரு கன மீட்டருக்குள் சுமார் 150 டன் பொருள் நெருக்குண்டு கிடக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், எடைக்கு எடை, நம் உடல் சூரியனின் மையத்தைவிடப் பல நூறு மடங்கு அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை. மறுபடி போட்டேன், விடை மாறவில்லை. அதிலிருந்து, சூரியனை 'இடைவிடாமல் வெடிக்கும் ஹைட்ரஜன் குண்டு' என்று யாராவது எழுதினால் என் மனம் ஒப்புவதே இல்லை. குண்டு கண் இமைக்கும் நேரத்தில் தீர்ந்துபோகும். சூரியனோ 460 கோடி ஆண்டுகளாகத் தன் எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவருகிறது. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு இருக்கிறது. உள்ளே இவ்வளவு பொறுமையான ஒரு பொருள், வெளியே மட்டும் ஏன் இப்படிக் கொந்தளிக்கிறது? சூரியனைப் பற்றி எதைப் படித்தாலும் நான் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

சரி, மையம் இவ்வளவு மந்தம் என்றால் இத்தனை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? பருமனிலிருந்து. சூரியனின் குறுக்களவு சுமார் 13.9 லட்சம் கி.மீ.; அதன் விட்டத்தில் 109 பூமிகளை வரிசையாக வைக்கலாம். சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் அது ஒன்றிடமே இருக்கிறது. அவ்வளவு பெரிய உடலில் ஒவ்வொரு துளியும் கொஞ்சம்தான் சுரக்கிறது, ஆனால் துளிகள் ஏராளம். எல்லாவற்றையும் கூட்டினால் நொடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட நிறை ஆற்றலாக மாறி வெளியேறுகிறது.

மந்தத்துக்கான காரணம் அணுக்கரு இயற்பியலில் இருக்கிறது. மையத்தின் வெப்பநிலை ஒன்றரைக் கோடி டிகிரி. இது பெரிய எண்ணாகத் தோன்றினாலும், இரண்டு புரோட்டான்கள், அதாவது ஹைட்ரஜன் அணுக்கருக்கள், தங்களுக்கிடையே உள்ள மின் விலக்கத்தை நேரடியாக மோதி வெல்வதற்கு இது போதாது. குவாண்டம் விதிகள் தரும் ஒரு சிறு வாய்ப்பில்தான், விலக்கத் தடையை ஊடுருவி அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. நெருங்கினாலும் போதாது, சேர்ந்த அந்தக் கணத்தில் இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும். அந்த மாற்றம் மிக மிக அரிது. அதனால் ஒரு புரோட்டான் எத்தனையோ மோதல்களைக் கடந்து, சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது. நம் உயிர்க்குலம் முழுவதும் தோன்றி வளர நேரம் கிடைத்தது இந்த ஒரு தாமதத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த நிதானத்தைக் கட்டிக்காக்கும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. மையம் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினால் வாயு விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் இணைவு, அதாவது ஹைட்ரஜன் ஹீலியமாகச் சேர்வது, குறையும். சூடு குறைந்தால் ஈர்ப்பு அதை அழுத்தி மறுபடி சூடாக்கும். யாரும் கைவைக்காமல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் சமநிலை இது.

இதையெல்லாம் கண்டறிந்த பாதை நேரானது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் கெல்வின், சூரியன் தன் ஈர்ப்பால் சுருங்குவதால்தான் ஒளிர்கிறது என்று கணக்கிட்டார். அதன்படி அதன் வயது சில கோடி ஆண்டுகளைத் தாண்ட முடியாது. பாறைகளைப் படித்தவர்களுக்கும் டார்வினுக்கும் அதைவிட நெடிய காலம் தேவைப்பட்டது. இந்தச் சிக்கல் பல பத்தாண்டுகள் அவிழவே இல்லை. 1920இல் வானியலாளர் எடிங்டன், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே ஆற்றலின் மூலமாக இருக்கலாம் என்றார். ஆனால் சூரியனில் ஹைட்ரஜன் அவ்வளவு இருக்கிறதா? பூமியில் உள்ள தனிமங்களே ஏறக்குறைய அதே அளவில் சூரியனிலும் இருக்கும் என்றுதான் அப்போது நம்பினார்கள்.

1925இல் செசிலியா பெய்ன் என்ற இளம் பெண் தன் முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன்களில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் மிகப் பெரும்பங்கு என்று காட்டினார். அந்தக் காலத்தின் செல்வாக்கு மிக்க வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் அதை ஏற்கவில்லை. அவர் வற்புறுத்தலால் பெய்ன், தன் முடிவு அநேகமாக உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே எழுத நேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் ரஸல் வேறு வழியில் அதே விடைக்கு வந்து சேர்ந்தார், பெய்ன் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். சூரியன் எதனால் ஆனது என்ற கேள்விக்கு முதலில் சரியான விடை சொன்னவர் பெய்ன்தான். பள்ளிப் பாடங்களில் அவர் பெயர் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தம்தான். 1939இல் ஹான்ஸ் பெத்தே இணைவு வினைகளைப் படிப்படியாக விளக்கி எழுதினார்.

கணக்கு சரி, ஆனால் உள்ளே நடப்பதைப் பார்த்தவர் யார்? ஒளியால் அதைக் காட்ட முடியாது. மையத்தில் பிறக்கும் ஒளித்துகள் ஓர் அடிகூட நேராகப் போக முடியாமல் விழுங்கப்பட்டு, திசை மாறி மறுபடி உமிழப்பட்டு, அலைந்து அலைந்துதான் மேலே வருகிறது. 'இன்று நாம் பார்க்கும் ஒளி லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது' என்று பலரும் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கால அளவு மதிப்பீட்டுக்கு மதிப்பீடு பத்தாயிரங்களிலிருந்து லட்சத்துக்கு மேல் வரை மாறுகிறது. அதோடு, கிளம்பிய துகளே வந்து சேர்வதும் இல்லை. காமாக் கதிராகப் பிறந்த ஆற்றல் வழியில் பிரிந்து பிரிந்து, எண்ணற்ற ஒளித்துகள்களாக வெளிவருகிறது. அதற்குள் மையத்தைப் பற்றிய செய்தி அழிந்துவிடுகிறது.

எதனோடும் எளிதில் மோதாத நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு இந்தத் தடை கிடையாது. இணைவில் பிறந்த உடனே சூரியனைத் துளைத்துக்கொண்டு இரண்டு நொடிகளில் வெளியே வந்துவிடும். எட்டு நிமிடத்தில் நம்மையும் கடந்து போய்விடும். உங்கள் விரல் நகத்தின் பரப்பில் ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் கோடிக்கு மேற்பட்ட சூரிய நியூட்ரினோக்கள் பாய்கின்றன, இரவிலும்தான். இரவில் அவை பூமியைத் துளைத்து, கீழிருந்து வருகின்றன. இவற்றைப் பிடிக்க ரேமண்ட் டேவிஸ் 1960களில் அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், தரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 600 டன் சலவைத் திரவத்தை ஒரு தொட்டியில் நிரப்பினார். அதில் உள்ள குளோரின் அணுக்களில் எப்போதாவது ஒன்று நியூட்ரினோ பட்டு ஆர்கானாக மாறும். சில வாரங்களுக்கு ஒருமுறை, அவ்வளவு பெரிய தொட்டியிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்களைப் பிரித்தெடுத்து எண்ணினார்.

கிடைத்தது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். சூரியனின் உள்ளே நடப்பதைக் கணக்கிட்ட மாதிரி தவறு என்றார்கள் சிலர், டேவிஸின் சோதனை தவறு என்றார்கள் வேறு சிலர். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அவர் தொடர்ந்து எண்ணினார். கடைசியில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பரி ஆய்வகம் முடிச்சை அவிழ்த்தது. நியூட்ரினோக்கள் வரும் வழியில் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிவிடுகின்றன. டேவிஸின் தொட்டி ஒரு வகையை மட்டுமே பிடித்தது. சூரியனின் மாதிரியும் சரி, டேவிஸின் எண்ணிக்கையும் சரி. குறை இருந்தது நியூட்ரினோவைப் பற்றிய நம் அறிவில். சூரியனைப் பார்க்கப் போய் துகள் இயற்பியலையே திருத்த வேண்டி வந்தது. டேவிஸுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 88.

மையத்துக்கு மேலே, ஆரத்தில் சுமார் 70 சதவீதம் வரை, கதிர்வீச்சு மண்டலம். அங்கே ஆற்றல் ஒளியாகவே மெல்லக் கசிகிறது. பொருள் பெரிதாகப் புரள்வதில்லை. அதற்கும் மேலே நிலைமை அடியோடு மாறுகிறது. வெப்பநிலை இறங்கியதால் வாயுவில் ஒளி சிக்கிக்கொள்கிறது. அந்த வெப்பத்தைச் சுமந்துகொண்டு வாயுவே மேலே எழ வேண்டும், குளிர்ந்து கீழே இறங்க வேண்டும். இது வெப்பச்சலன மண்டலம், சூரியனின் வெளிப்புறத்து 30 சதவீத ஆழம். உள்ளே நிதானம் என்று சொன்னேனே, அது முடியும் எல்லை இதுதான்.

இந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஒலி அலைகள் சொல்லின. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் லெய்ட்டன் குழுவினர், சூரியப் பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டார்கள். பின்னால் அது உள்ளே அடைபட்டு எதிரொலிக்கும் ஒலி அலைகளின் வேலை என்று தெரிந்தது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமியின் உள்ளமைப்பைப் படிப்பதுபோல, இந்த அலைகளைக் கொண்டு சூரியனைப் படிக்கிறார்கள். சூரியனின் மறுபக்கத்தில் பெரிய கரும்புள்ளி உருவாகியிருந்தால் அதைக்கூட இப்படி அறிய முடியும், அது நம் பக்கம் திரும்புவதற்கு முன்பே.

ஒலி அலைகள் சொன்ன இன்னொரு செய்திதான் வெளிப்புறக் கொந்தளிப்பைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். சூரியன் திடப்பொருள் அல்ல, ஒரே வேகத்தில் சுழல்வதும் இல்லை. நடுக்கோட்டுப் பகுதி சுமார் 25 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. துருவத்தருகே 35 நாள் வரை ஆகிறது. வெப்பச்சலன மண்டலம் முழுவதும் இந்த வேறுபாடு நீடிக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, கதிர்வீச்சு மண்டலம் ஏறக்குறைய ஒரே உடலாகச் சுழல்கிறது. இரண்டும் சந்திக்கும் மெல்லிய அடுக்கில் வாயு ஒன்றையொன்று உரசி இழுபடுகிறது. சூரிய வாயு மின்னூட்டம் பெற்ற பிளாஸ்மா. அது நகர்ந்தால் காந்தப்புலக் கோடுகளும் கூடவே இழுபடும். வடக்கு தெற்காக இருந்த கோடுகள் சுழற்சி வேறுபாட்டால் கிழக்கு மேற்காக நீண்டு, மாதக்கணக்கில் முறுக்கேறுகின்றன. அளவுக்கு மீறி முறுக்கிய ரப்பர் பேண்டு அங்கங்கே சுருண்டு எழுவதுபோல, காந்தக் கோடுகளின் கற்றை மேலெழுந்து பரப்பைத் துளைத்து வெளியே வருகிறது. துளைத்த இடம்தான் கரும்புள்ளி.

நாம் காணும் பரப்பு, அதாவது ஒளிக்கோளம், சில நூறு கி.மீ. தடிமனே உள்ள அடுக்கு, சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். பெரிய தொலைநோக்கிப் படங்களில் அது முழுக்கச் சிறு குமிழ்களாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஆயிரம் கி.மீ. அகலம், பத்து நிமிட ஆயுள். கரும்புள்ளியில் இந்தப் புரளல் நின்றுவிடுகிறது. பூமியின் காந்தப்புலத்தைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு வலிமையான புலம் வாயுவை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால், அடியிலிருந்து வெப்பம் மேலே வருவது குறைகிறது. சுற்றுப்புறத்தைவிட ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் டிகிரி குளிர்ந்திருப்பதால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது. தனியே பிரித்து வானில் வைத்தால் முழு நிலவைவிடப் பிரகாசமாக இருக்கும். 1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வான்காணகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல் அந்தக் காந்தப்புலத்தைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே கொடைக்கானல் வான்காணகத்தில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் அரைநிழல் எனப்படும் சற்றே வெளிறிய விளிம்புப் பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைப் பதிவு செய்தார். அந்த ஓட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

2024 மே மாதத்தில் பூமியைப்போலப் பதினைந்து மடங்கு அகலமான ஒரு புள்ளிக் கூட்டம் வந்தபோது, கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். எந்தத் தொலைநோக்கியும் இல்லாமலே தெரிந்தது. தரமான சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடிகூட முயலாதீர்கள். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை, கண் பொசுங்குவது அப்போது தெரியாது.

புள்ளிகள் ஏறி இறங்கும் சுழற்சியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் டெசாவ் ஊரைச் சேர்ந்த மருந்தாளுநர் ஹைன்ரிச் ஷ்வாபே. அவர் தேடியது புதனுக்கும் உள்ளே இருப்பதாக எண்ணப்பட்ட ஒரு கோளை. அது சூரியனைக் கடக்கும்போது கரும்புள்ளி என்று குழம்பிவிடக் கூடாதே என்று, 1826 முதல் எல்லாப் புள்ளிகளையும் நாள்தோறும் குறித்துவைத்தார். கோள் கிடைக்கவில்லை. ஆனால் 17 ஆண்டுக் குறிப்புகளில், புள்ளிகள் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது தெரிந்தது. இன்று அந்தச் சராசரி 11 ஆண்டு என்று அறிவோம். ஒவ்வொரு சுழற்சியின் உச்சத்திலும் சூரியனின் வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறுகின்றன; பழைய நிலைக்குத் திரும்ப 22 ஆண்டு. 1645 முதல் 1715 வரை புள்ளிகள் ஏறக்குறைய மறைந்தே போன காலமும் உண்டு.

இனி, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனா. முழுக் கிரகணத்தில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்ணிற ஒளிவளையத்தில் 1869இல் ஒரு பச்சை நிறமாலைக் கோடு தெரிந்தது. பூமியில் தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால், கொரோனியம் என்ற புதிய தனிமம் என்றே எழுதிவைத்தார்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு வால்டர் குரோட்ரியனும் பெங்ட் எட்லேனும் காட்டியது இது: அது பழைய இரும்புதான், 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. அவ்வளவு எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய வேண்டுமென்றால் அங்கே பத்து, இருபது லட்சம் டிகிரி வெப்பம் இருக்க வேண்டும். சூட்டின் மூலத்திலிருந்து விலகிப் போகப் போகக் குளிர வேண்டிய இடம், பரப்பைவிட நூறு மடங்குக்கு மேல் சுடுகிறது. பரப்பின் புரளல் காந்தக் கோடுகளை ஓயாமல் ஆட்டுகிறது, பின்னுகிறது. அந்த ஆற்றல் அலைகளாக மேலே போய்க் கரைகிறதா, எண்ணற்ற சிறு வெடிப்புகளாகச் சிதறுகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இரண்டுக்கும் பங்கிருக்கும் என்பதே என் சாய்வு.

அத்தனை சூடான வாயுவைச் சூரியனின் ஈர்ப்பால் கட்டிவைக்க முடியாது, அது காற்றாக வீசியே தீர வேண்டும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் எழுதினார். கட்டுரையை மதிப்பிட்டவர்கள் நிராகரித்தார்கள். இதழின் ஆசிரியராக இருந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. ஆனாலும் கணக்கில் பிழை எதுவும் காண முடியாததால், மதிப்பீட்டாளர்களை மீறி வெளியிட்டார். தனக்கு உடன்பாடில்லாத ஒன்றை அதன் கணக்குக்காக அச்சேற்றிய அந்த நேர்மை என்னை மிகவும் நெகிழவைக்கிறது. 1962இல் மரைனர் 2 விண்கலம் சூரியக் காற்றை நேரடியாக அளந்து உறுதி செய்தது. பார்க்கரின் பெயர் தாங்கிய கலம் 2018 ஆகஸ்டில் ஏவப்பட்டபோது 91 வயதில் அவர் நேரில் இருந்து பார்த்தார். அதே கலம் 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்புக்கு 61 லட்சம் கி.மீ. அருகே போய்த் திரும்பியது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

கொரோனாவில் முறுக்கேறிய காந்தக் கோடுகள் திடீரென அறுந்து வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போதுதான் பெரிய வெடிப்புகள் நிகழ்கின்றன. செய்திகளில் இரண்டு நிகழ்வுகளைப் போட்டுக் குழப்புவார்கள். ஒன்று, கதிர் வெடிப்பு: எக்ஸ் கதிரும் ஒளியும் எட்டு நிமிடத்தில் வந்து சேரும், வானொலித் தொடர்பைக் குலைக்கும். இன்னொன்று, கொரோனாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பிளாஸ்மா மேகம்: நூறு கோடி டன்னுக்கு மேலும் எடை இருக்கலாம், வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள். பூமியின் காந்தப்புலத்தை உலுக்குவது இரண்டாவது. 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் காரிங்டன் ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தின்மேல் வெண்ணிற ஒளி வெடித்ததைக் கண்டார். சுமார் 17 மணி நேரத்தில் புயல் வந்துவிட்டது. கரீபியன் வரை துருவ ஒளி தெரிந்தது. பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே தந்திப் பணியாளர்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வானத்திலிருந்து வந்த மின்னோட்டத்திலேயே செய்தி அனுப்பினார்கள். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மின்தொகுப்பு ஒன்றரை நிமிடத்தில் சரிந்து 60 லட்சம் பேர் இருட்டில் இருந்தார்கள். பெரிய புயல்தான் ஆபத்து என்றும் இல்லை. 2022 பிப்ரவரியில் ஒரு சாதாரணப் புயலில் மேல்வளிமண்டலம் சூடாகி விரிந்ததால், அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் நாற்பது வரை கீழே விழுந்து எரிந்துபோயின.

மேகம் கிளம்பியதைப் பார்த்துவிடுகிறோம், வேகத்தையும் ஓரளவு கணிக்கிறோம். ஆனால் அதன் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே சேதத்தைத் தீர்மானிக்கும். தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்து வாசல் திறந்துவிடும். வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் வழுக்கிப் போய்விடும். அதை நம்பகமாக அளக்க முடிவது, பூமிக்கு 15 லட்சம் கி.மீ. முன்னே, சூரியன் இருக்கும் பக்கத்தில், எல்1 என்று பெயரிட்ட இடத்தில் நிற்கும் கலங்களை மேகம் தொடும்போதுதான். 2024 ஜனவரியில் ஆதித்யா எல்1 போய் நின்ற இடமும் அதுவே. அப்புறம் நமக்குக் கிடைப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரம்.

அடுத்த சுழற்சி எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல குறிப்பு, சுழற்சி அடங்கியிருக்கும் காலத்தில் துருவங்களில் நிலவும் காந்தப்புலம். அதுதான் அடுத்த முறுக்கலுக்கான விதை. ஆனால் பூமியும் நம் கலங்களும் ஏறக்குறைய சூரிய நடுக்கோட்டின் தளத்திலேயே சுற்றுவதால், துருவங்களை எப்போதும் ஓரக்கண்ணால் பார்ப்பதாகவே இருந்தது. 1990களில் துருவங்களுக்கு மேலே போன யுலிசிஸ் கலத்தில் கேமரா இல்லை. சோலார் ஆர்பிட்டர் 2025இல் 17 டிகிரி சாய்வில் ஏறி, தென் துருவத்தின் முதல் படங்களை அனுப்பியது. அங்கே வட, தென் காந்த முனைகள் இரண்டும் கலந்து கிடந்தன. உச்சக் காலத்தில் துருவங்கள் இடம் மாறும்போது அப்படித்தான் இருக்க வேண்டும். வெள்ளியின் ஈர்ப்பைப் பயன்படுத்தி அந்தக் கலம் படிப்படியாக மேலே ஏறி, 2029இல் 33 டிகிரியை எட்டும் என்பது திட்டம். இப்போதைய கரும்புள்ளிச் சுழற்சி, வரிசையில் 25ஆவது, அப்போது அடங்கும் கட்டத்தில் இருக்கும், 26ஆவதுக்கான விதை துருவங்களில் சேர்ந்துகொண்டிருக்கும். அந்தப் படங்களுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.